ரிஸ்மியாவுக்குத் தெரியும்

உப்புவெளி ஹோட்டலின் பின்கட்டில்
ஈரப் படுக்கைவிரிப்பின் இரண்டு முனை என் கையில்,
இரண்டு முனை ரிஸ்மியாவின் கையில்.
உதறி, இழுத்து, மடித்து
முனையோடு முனை சேர்க்க நெருங்கும்போதுதான் கேட்பாள்:
"எடுத்தியா புள்ள?"

எடுத்துவிட்டேன்.
பஸ் நிலையத்து வாசலில்
சோமசிறியின் தகரப் பெட்டிக்கடை. நாற்பது ரூபாய்.
"அக்காவுக்கு இண்டைக்கு விழும்" என்றான்.
எல்லா அக்காமாருக்கும் அதையே சொல்வான்.
அவனுக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்த வசனம்தான்.

ரிஸ்மியாவுக்கு இது ஹராம், தொடமாட்டாள்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
நான் நீட்டும் சீட்டை
சலவைப் பட்டியல்போல் உரக்க வாசிப்பாள்.
என் கண்ணாடி போன மாதம்
அழுத்தும் உருளைக்குள் போய் நசிந்தது.
எண்கள் கேட்டதும் மறந்துபோகும் எனக்கு.
விருச்சிகம் மட்டும் நினைவிருக்கும்:
என் ராசியல்ல,
விட்டுப்போனவனுடையது.

செலவழிப்பது முழுக்க அவள்தான்.
செவ்வாய்தோறும் வருகிற நுண்கடன் பெடியனுக்கு
மொத்தக் கடனும் சில்லறையாக;
குந்தியிருந்து எண்ணட்டும்.
என் தம்பி ஜெயரூபனின் வள்ளத்துக்குப் புது இஞ்சின்,
"நாப்பது குதிரை போடு, கஞ்சத்தனம் பண்ணாத."
பிறகு கிண்ணியாவில் ஒரு துண்டுக் காணி.
ஏன் கிண்ணியாவில் என்று நான் கேட்கவில்லை.
அவள் வீடு அங்கேதான்.

எனக்கு இருநூற்றுப் பதினான்கு போதும்.
கடல் பார்த்த அறை, ஒரே ஒரு இரவு.
ஈரத் துவாயைத் தரையில் எறிவேன்.
மணியடித்துத் தேத்தண்ணி கேட்பேன்.
வெள்ளை விரிப்பில் சப்பணமிட்டு
மாம்பழம் தின்பேன், சாறு முழங்கை வரை வழிய.
ஆனால் ஒவ்வொரு தடவையும்
விடியுமுன்னே எழும்பி
கறையில் தேசிக்காய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.
கோடி விழுந்த பிறகும்.

புதன்கிழமை பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றபோது
என் பைக்குள் தலையை விட்டது ஒரு புள்ளிமான்.
இந்த ஊர் மான்களுக்கு வெட்கமில்லை.
வாழைப்பழத் தோல், கச்சான் சுற்றிய தாள்,
சுவரில் உரிந்த தேர்தல் நோட்டீஸ்,
எல்லாம் தின்னும்.
மிச்சச் சோற்றுப் பார்சலை விட்டுவிட்டு
சீட்டை மட்டும் உருவி எடுத்தது.
தேளின் கொடுக்கு கொஞ்ச நேரம்
அதன் வாயோரம் துடித்தது.
சோமசிறி விளக்குமாற்றோடு ஓடிவந்தான்.
அது அவனைப் பார்த்தது,
என்னைப் பார்த்தது,
விழுங்கியது.

அன்றிரவு பக்கத்து வீட்டு டிவியில்
எண்கள் சிங்களத்தில் உருண்டன.
நான் பானை தேய்த்தேன்,
வேண்டுமென்றே சத்தமாய்.

வியாழன் காலை, விரிப்பு.
உதறினோம், இழுத்தோம்.
நெருங்கி வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை.
மானைப் பற்றி நானாகச் சொன்னேன்.
முனைகளை என் கையில் தந்துவிட்டு
அந்தப் பக்கம் திரும்பி
சிரித்தாளோ, இருமினாளோ.

"நம்பர் ஞாபகமா?"
"ஓம்."
"பேப்பர் பாத்தியா?"
"அதெல்லாம் எனக்கு ஹராம் புள்ள."

கூடையிலிருந்து அடுத்ததை எடுத்தாள்.
பிறகு பத்துப் பன்னிரண்டு விரிப்பு,
வாயே திறக்கவில்லை.
அவள் மடிப்புகள் கோணலாய் வந்தன,
ஒருநாளும் அப்படி வராது.

வேலை முடிந்து செருப்பைத் தேடும்போது
சும்மா கேட்பதுபோல் கேட்டாள்:
அந்த மானுக்குக் கொம்பு இருந்ததா, இல்லையா?